பானை ஓடும் பதிவேடும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த நால்வர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரை ஆளுக்கொரு புட்டியில் கொண்டுவந்தோம். நீரின் கடினத்தன்மையைக் கண்டறிவது அன்றைய செய்முறைப் பாடம். புட்டிகளின் மேல் பெயரெழுதிய தாள்களைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தோம். ஆய்வகத்தினுள் நுழையுமுன் புட்டிகளில் படிந்திருந்த செம்மண்ணைக் கழுவ எண்ணி நான்கையும் ஒரே வாளியில் அமிழ்த்தினோம். மண் போயிற்று, தாள்களும் போயின.

"போகட்டும், அளந்து பார்ப்போம்" என்று துணிந்து வேலையைத் தொடங்கினோம். பியூரெட்டின் அளவுகளை மும்முறை பார்த்துச் சரியாகவே குறித்துக்கொண்டோம். மூன்று புட்டிகளின் அளவு 8 முதல் 10 மில்லிலிட்டருக்குள் அடங்கியது. நான்காவது மட்டும் 21.4 என்று வந்தது. யாரோ ஒருத்தியின் வீட்டில் பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத நீரைக் குடித்து வருகிறார்கள்! யார் வீட்டில்? எங்களால் சொல்ல இயலவில்லை. எண் சரி, ஆனால் அதற்கு உரியவர் யாரென்று தெரியவில்லை.

எங்கள் வேதியியல் சிஸ்டர் கோபிக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முகவரி இல்லாத கடிதத்தைத் தபால்காரர் என்ன செய்வார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நீங்கள் நாளைக்கே வேறு நீர் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய பானை ஓட்டை ஆராய்கிறவர்கள் இப்படித் தவறவிட்டால் எங்கே போவார்கள்? அதைப் படித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று பணித்தார். அந்தப் பணியின் பயனே இக்கட்டுரை. பழங்காலப் பானைகள் எந்த ஊர் மண்ணில் பிறந்தன என்பதை அறிவியல் எவ்வாறு கண்டறிகிறது, அதற்காகச் சேர்க்கும் எண்களை எவ்வாறு காப்பாற்ற வேண்டும் என்பதை நாங்கள் படித்தறிந்த அளவில் இங்கே எடுத்துரைக்கிறோம்.

ஓடு சொல்லும் செய்தி

துணி மக்கிவிடும்; மரம் செல்லரித்துவிடும்; பொன்னை உருக்கி வேறு நகை செய்துவிடுவார்கள். உடைந்த பானையை மட்டும் எவரும் விரும்புவதில்லை. குப்பையில் எறியப்பட்ட ஓடு எறிந்த இடத்திலேயே கிடந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகள் அழியாது நிற்கிறது. ஆகவேதான் அகழாய்வு செய்வோருக்கு ஓடுகள் பெருஞ்செல்வம்.

ஓர் ஊரில் கிடைத்த ஓடு அவ்வூர் மண்ணால் ஆனதெனில், அங்கே குயவர் வாழ்ந்தனர் எனலாம். தொலைவிலுள்ள வேற்றூர் மண்ணால் ஆனதெனில், அப்பானை வண்டியிலோ, தோணியிலோ, தலைச்சுமையாகவோ வந்திருக்க வேண்டும். எனவே, பானையின் பிறப்பிடம் தெரிந்தால் பண்டை வாணிகத்தின் வழி தெரியும்; எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் உறவு இருந்தது என்பதும் தெரியும். எழுத்து இல்லாத காலத்து மக்களைப் பற்றி அறிய இதனினும் நல்ல சான்று அரிதாகவே கிடைக்கும்.

உருவத்தையும் வண்ணத்தையும் பார்த்தே பிறப்பிடத்தைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அழகான பானையைக் கண்ட வேற்றூர்க் குயவர் அதைப் போலவே செய்வதும் உண்டு. உருவத்தைப் போலச் செய்யலாம். மண்ணின் இயல்பைப் போலச் செய்வது எளிதன்று.

நுண்ணோக்கியால் கண்ட பெண்மணி

இத்துறையில் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் அமெரிக்க நாட்டின் அன்னா ஷெப்பர்ட் அம்மையார். நம்மூர்க் குயவர் குளத்து வண்டலோடு மணலைச் சேர்த்துப் பிசைவது போல, எந்நாட்டுக் குயவரும் பானை சூளையில் வெடிக்காதிருக்க மணலையோ நொறுக்கிய கல்லையோ களிமண்ணில் கலப்பர். ஓட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்த்தால் ஒளி அதனூடே செல்லும். அப்போது நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கல் துகள்கள் இன்ன பாறையைச் சேர்ந்தவை என்று காணலாம்.

நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள பெகோஸ் என்னும் பழங்குடி ஊரை ஆல்ஃபிரட் கிடர் என்பார் 1915 முதல் பல ஆண்டுகள் அகழ்ந்தார். அங்கு மலைபோல் குவிந்த ஓடுகளை ஷெப்பர்ட் அம்மையார் இம்முறையில் ஆராய்ந்தார். ஒவ்வோர் ஊர்ப் பெண்களும் தங்களுக்கு வேண்டிய பானைகளைத் தாங்களே செய்துகொண்டனர் என்பது அக்கால அறிஞரின் நம்பிக்கை. அம்மையாரோ, மெருகுக் கோடிட்ட பானைகளில் பெரும்பகுதியில் பெகோஸின் அருகே காணப்படாத பாறைத் துகள்கள் இருப்பதைக் கண்டார். அப்பானைகள் வேற்றூர்களில் செய்யப்பட்டு அங்கே வந்தவை என 1936-இல் வெளிவந்த நூலில் எழுதினார். பலர் ஐயுற்றனர். ஆனால் பின்வந்தோர் செய்த ஆய்வுகள் அவர் கூற்றையே உறுதிப்படுத்தின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மையார் தம் முடிவை மட்டும் விட்டுச் செல்லவில்லை. அவர் தேய்த்த மென்தகடுகளும் எழுதிய குறிப்புகளும் கொலராடோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. "நீர் கண்டது மெய்தானா?" என்று ஐயுறுவோர் இன்றும் அந்தத் தகடுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். ஐயத்திற்கு இதனினும் நல்ல விடை வேறென்ன?

தனிமங்களின் கணக்கு

மென்களிமண்ணால் செய்த கலங்களில் பெரிய துகள்கள் இரா. அவற்றுக்கு நுண்ணோக்கி போதாது. அப்போது வேதியியல் துணைக்கு வருகிறது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற தியோடர் வில்லியம் ரிச்சர்ட்ஸ் என்னும் வேதியியல் அறிஞர் 1895-ஆம் ஆண்டிலேயே ஏதென்ஸ் நகரப் பானை ஓடுகளின் வேதியியல் இயைபைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆயினும் அக்கால முறைகளால் மண்ணில் மிகச் சிறு அளவில் உள்ள தனிமங்களை அளப்பது கடினம்.

அணு அறிவியல் வளர்ந்தபின் வழி பிறந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வகத்திற்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஆப்பன்ஹைமர், அணு முறைகளைத் தொல்லியலுக்குப் பயன்படுத்தலாகாதா என்று புரூக்ஹேவன் ஆய்வகத்தின் வேதியியலாரைக் கேட்டார். 1956 மார்ச் 8 அன்று பிரின்ஸ்டன் நகரில் இதற்கென ஒரு கூட்டமும் நடந்தது. அழிவுக்குப் பயன்பட்ட அறிவு, அடுப்பங்கரைப் பானையின் ஊரைத் தேடும் நற்பணிக்குத் திரும்பியது மகிழ்ச்சிக்குரியது. 1957-இல் சேயர், டாட்சன் ஆகிய இருவரும் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓடுகளை நியூட்ரான் முறையால் ஆராய்ந்து முதற்கட்டுரையை வெளியிட்டனர்.

அம்முறை இதுதான். ஓட்டிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் தூளை எடுத்து அணு உலையில் வைப்பர். நியூட்ரான்களை ஏற்ற அணுக்கள் கதிரியக்கம் பெற்றுக் காமாக் கதிர்களை வெளியிடும். ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு. அவ்வாற்றலை அளந்து இரும்பு, குரோமியம், ஸ்காண்டியம், சீரியம், தோரியம் என முப்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களைக் கணக்கிடலாம். பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள தனிமமும் இதற்குத் தப்பாது.

இவ்வாறு கிடைத்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? பழைய சூளைகளின் அருகே வெந்து கோணிப்போன பானைகள் எறிந்து கிடக்கும். விற்க முடியாத அவற்றை எவரும் தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்க மாட்டார். எனவே அவை அவ்வூர் மண்ணுக்கு நல்ல சான்று. அத்தகைய ஓடுகள் பலவற்றை அளந்து ஒரு குழுவாக வைத்துக்கொண்டு, ஊர் தெரியாத ஓட்டை அதனோடு ஒப்பிடுவர். ஓரிடத்து மண்ணுக்குள் காணும் வேறுபாட்டைவிட, இரண்டு இடத்து மண்ணுக்கு இடையேயுள்ள வேறுபாடு மிகுதியாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். இவ்விதியை 1977-இல் வீகண்ட், ஹார்பாட்டில், சேயர் ஆகிய மூவரும் தெளிவாக எழுதிவைத்தனர். ஆக, ஓர் ஓட்டின் எண் தனியே எதையும் சொல்லாது. பல நூறு ஓடுகளின் எண்களோடு சேரும்போதுதான் அது பேசும். அந்தப் பல நூறு எண்களைக் காப்பதே இத்துறையின் உயிர்நாடி.

எல்லாருக்கும் ஒரே படிக்கல்

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி ஆய்வகத்தில் இசடோர் பெர்ல்மன், ஃபிராங்க் அசாரோ ஆகிய இருவரும் 1960-களில் இப்பணியைப் பெரிய அளவில் தொடங்கினர். அவர்கள் முதலில் உணர்ந்த உண்மை, சந்தைக்குப் போகும் நம் பாட்டிமார் அறிந்த உண்மையே. கடைக்குக் கடை படிக்கல் மாறினால் எடையை ஒப்பிட முடியாது. எனவே அவர்கள் தக்க களிமண்ணைக் கொண்டு ஒரு நியமப் பானைத் தூளை உருவாக்கி, அதிலுள்ள தனிமங்களை மிகக் கவனமாக அளந்து 1969-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் ஆய்வுக்குரிய ஓட்டோடு இத்தூளையும் சேர்த்து உலையில் வைத்தால், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தமான விடை காணலாம்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஜெருசலேமிலும், ஜெர்மனியின் பான் நகரிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள் தங்கள் அளவைகளை இந்தப் படிக்கல்லோடு இணைத்துக்கொண்டனர். ஆகவே மூன்று நாடுகளில், வேறு வேறு ஆண்டுகளில் அளந்த ஓடுகளை இன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

பெர்க்லி குழுவில் ஹெலன் மிஷல் என்னும் அம்மையாரும் இருந்தார். பானை ஓடுகளில் பழகிய அதே பொறுமையோடு அவரும் அசாரோவும் இத்தாலியிலிருந்து வந்த ஒரு மெல்லிய களிமண் படுகையை அளந்தனர். அதில் இரிடியம் என்னும் அரிய தனிமம் எதிர்பாராத அளவில் மிகுந்திருந்தது. விண்கல் ஒன்று பூமியில் மோதியதால் டைனோசர்கள் அழிந்தன என்று 1980-இல் உலகையே வியக்கவைத்த கட்டுரையின் நால்வரில் அவர்கள் இருவரும் அடங்குவர். பானை ஓட்டை அளக்கக் கற்ற கைகளே பூமியின் வரலாற்றில் ஒரு பெரும்புதிரை அவிழ்க்க உதவின. சிறு வேலையைச் செம்மையாகச் செய்யப் பழகியோர்க்குப் பெரிய வேலை தானே தேடி வரும் என்பதற்கு இது சான்று.

தேபெஸ் நகரத்துச் சாடிகள்

எண்களைப் பத்திரப்படுத்துவதால் என்ன பயன் என்று கேட்போர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். கிரேக்க நாட்டில் தேபெஸ் என்னும் நகரில் 1921-இல் ஒரு பழைய அரண்மனையிலிருந்து ஏராளமான சாடிகள் வெளிவந்தன. நடுவே உள்ள கழுத்து அடைத்திருக்கும். அதன் இருபுறமும் கைப்பிடி. ஓரத்தில் சிறிய மூக்கு. எண்ணெய் போன்ற பொருள்களை அனுப்பப் பயன்பட்டவை. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சாடிகளில் சிலவற்றின் மீது, சுடுவதற்கு முன்பே வண்ணத்தால் எழுத்துகள் தீட்டப்பட்டிருந்தன. 'லீனியர் பி' எனப்படும் அவ்வெழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் படித்துக் காட்டியபின், சாடிகளில் ஆட்பெயரும் இடப்பெயரும் இருப்பது தெரியவந்தது. அவ்விடப்பெயர்களுள் சில கிரீட் தீவின் களிமண் ஏடுகளில் வருபவை. அப்படியாயின் இச்சாடிகள் கடல் கடந்து வந்தவையா?

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹெக்டர் கேட்லிங், ஆன் மில்லெட் ஆகிய இருவரும் சாடிகளின் மண்ணில் ஒன்பது தனிமங்களை நிறமாலை முறையால் அளந்து 1965-இல் முடிவை வெளியிட்டனர். சாடிகள் பலவும் தேபெஸ் மண்ணால் ஆனவை அல்ல, அவற்றில் பல கிரீட்டின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவை என்றனர். மொழியறிஞர்களுக்கு இது பொருந்தவில்லை. அவர்கள் கணக்கில் அந்த இடப்பெயர்கள் தீவின் மேற்குப் பகுதிக்கு உரியவை.

யார் சொல்வது சரி? சாடிகளை மறுபடி தோண்டி எடுக்கத் தேவையில்லை. அளந்த எண்கள் அச்சில் இருந்தன. 1970-களில் வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து, வேறு கணித முறைகளால் திரும்பக் கணக்கிட்டு, முடிவு உறுதியானதன்று என்று காட்டினர். முதலில் ஆராய்ந்தபோது மேற்குக் கிரீட்டின் மண்ணைக் காட்டும் ஓடுகள் ஒப்பிடுவதற்குப் போதிய அளவில் கையில் இல்லை என்பதே குறை. பிறகு அவையும் அளக்கப்பட்டன. 1980-இல் புதிய கட்டுரை வெளிவந்தது: எழுத்துள்ள சாடிகளில் பெரும்பாலானவை மேற்குக் கிரீட்டில் செய்யப்பட்டவை! அக்கட்டுரையை எழுதிய நால்வருள் ஒருவர், முன்பு கிழக்கு என்று எழுதிய அதே கேட்லிங்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, முடிவு மாறினாலும் ஒழுங்காகக் காத்த அளவைகள் வீண் போவதில்லை. இரண்டாவது, தம் எண்களை எல்லாருக்கும் திறந்து காட்டியவரே தம் தவற்றைத் தாமே திருத்தும் பேறு பெறுகிறார். எண்களைப் பூட்டி வைத்திருந்தால் தவறும் உள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கும்.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை

அப்படியானால் ஓர் ஓட்டைப் பற்றி எவற்றையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்? நாங்கள் படித்தவற்றிலிருந்து ஐந்தைத் தொகுத்துத் தருகிறோம்.

1. ஓட்டின் முகவரி. எந்த ஊர், எந்தக் குழி, எத்தனையாவது மண்ணடுக்கு, இன்று எந்த அருங்காட்சியகத்தில் என்ன எண்ணோடு இருக்கிறது என்பன. மண்ணுக்குள் கிடக்கும் காலத்தில் ஓட்டிலுள்ள சுண்ணாம்பு, உப்பு முதலியன கரைந்தோ சேர்ந்தோ மாறக்கூடும். ஆதலால் எத்தகைய மண்ணில் கிடந்தது என்பதும் வேண்டும்.

2. தூள் எடுத்த விதம். டங்ஸ்டன் கார்பைடு முனையால் துளைத்தால் அம்முனையிலுள்ள டங்ஸ்டனும் கோபால்ட்டும் தூளில் கலந்துவிடும். இதைக் குறிக்காவிட்டால் பின்வருவோர் அந்தக் கோபால்ட் பண்டைக் குயவரின் மண்ணில் இருந்ததென்று மயங்குவர். இதனாலேயே பான் நகர ஆய்வாளர்கள் நீலமணி முனையைப் பயன்படுத்தினர்.

3. அளந்த முறையும் படிக்கல்லும். எந்தக் கருவி, எந்த ஆண்டு, எந்த நியமத் தூளோடு ஒப்பிட்டது, எவ்வளவு பிழை நேரக்கூடும் என்பன. பிழையளவு இல்லாத எண் அரைகுறைச் செய்தியே.

4. அலகு. ஒருவர் 'இரும்பு 7 விழுக்காடு' என்று எழுதுகிறார். அவர் அளந்தது இரும்பையா, இரும்பு ஆக்சைடையா? 7 பங்கு இரும்பு ஆக்சைடில் இரும்பு ஏறத்தாழ 4.9 பங்கே. இந்த ஒரு சொல் விடுபட்டால், ஒரே மண்ணால் ஆன இரண்டு பானைகள் இரண்டு நாட்டுப் பானைகளாகத் தோன்றும்.

5. வெற்றிடமும் பூச்சியமும். அளக்கவில்லை என்பது வேறு. அளந்தும் கருவிக்கு எட்டவில்லை என்பது வேறு. இல்லவே இல்லை என்பது வேறு. மூன்று ஓடுகளில் இரண்டின் குரோமியம் 200, 210 எனக் கொள்வோம். மூன்றாவதை அளக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விடாமல் ஒருவர் பூச்சியம் இட்டுவிட்டால் சராசரி 137 ஆகிவிடும். உண்மையில் அளந்த இரண்டின் சராசரி 205. ஒரு பூச்சியம் செய்யும் கேட்டைப் பாருங்கள்!

பரணில் கிடந்த செல்வம்

நல்ல குறிப்பை எழுதினால் மட்டும் போதாது. அது படிக்கும் நிலையில் இருக்கவும் வேண்டும். பெர்க்லி ஆய்வகத்தின் அளவைகள் கையெழுத்துத் தாள்களிலும், துளையிட்ட அட்டைகளிலும், கணிப்பொறி அச்சுத் தாள்களிலும் பதிவாகியிருந்தன. காலம் மாறியது. துளை அட்டையைப் படிக்கும் பொறிகள் மறைந்தன. அளந்தவர்கள் ஓய்வு பெற்றனர், சிலர் மறைந்தனர். பற்பல நாடுகளின் ஆயிரக்கணக்கான ஓடுகளைப் பற்றிய செய்தி பெட்டிகளுக்குள் ஊமையாய்க் கிடந்தது.

அவற்றை மறுபடி அளந்துவிடலாமே எனில், அது எளிதன்று. அன்று பயன்பட்ட ஆய்வு உலைகள் பல மூடப்பட்டுவிட்டன. மேலும், அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள அரிய கலத்தை இரண்டாம் முறை துளைக்க எளிதில் இசையா. இந்நிலையில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு உலை நிலையத்தில் தொல்பொருள்களை ஆராயும் பிரிவினர் அப்பெட்டிகளைப் பெற்று, எண்களை இக்காலக் கணினிக்கு மாற்றி, மற்ற ஆய்வாளர்க்கும் கிடைக்கச் செய்தனர். எண்களைத் தட்டெழுதுவது இதில் எளிய பகுதி. இந்த எண் எந்த ஓட்டுக்கு உரியது, அந்தச் சுருக்கெழுத்து எந்த ஊரைக் குறிக்கிறது என்று கண்டறிவதே பெரும்பாடு. எழுதியவருக்கு அன்று வெளிச்சமாக இருந்த சுருக்கம், படிப்பவருக்கு இன்று விடுகதை.

கிரேக்க நாட்டிலும் ஏதென்ஸ் நகரத்து டெமோக்ரிட்டஸ் ஆய்வு நிலையத்தார் 'செராடாட்' என்னும் தரவுத் தொகுப்பை அமைத்துள்ளனர். பானைகளின் வேதியியல் அளவைகளோடு அவை பற்றிய தொல்லியல் செய்திகளையும் ஒருங்கே சேர்த்து வைப்பது அதன் நோக்கம். எண்ணையும் முகவரியையும் பிரிக்காமல் வைப்பதுதான் இதன் சிறப்பு.

நம் கடற்கரையிலும்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, உட்புறத்தில் வட்ட வட்டமாகச் சிறு வெட்டுக்குறிகள் பதித்த மெல்லிய கலங்கள் கிடைத்தன. 'ரௌலெட்டட்' கலங்கள் எனப்படும் இவை வங்காளத்திலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், தொலைவிலுள்ள பாலித் தீவின் செம்பிரான் என்னும் ஊரிலும் கிடைத்துள்ளன. எங்கே செய்யப்பட்டு இவ்வளவு தூரம் பயணம் செய்தன?

எக்ஸ் கதிர் முறையால் ஓடுகளின் கனிமங்களை ஆராய்ந்த விஸ்வாஸ் கோக்தே, வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியே இவற்றின் பிறப்பிடம் என்று 1997-இல் எழுதினார். 2005-இல் வேறு ஆய்வாளர்கள் தனிமங்களை அளந்து, பல ஊர்களில் கிடைத்த இக்கலங்கள் ஒரே வகை மண்ணிலிருந்து பிறந்தவையாகத் தோன்றுகின்றன என்றனர். அந்த மண் எந்த ஊருக்கு உரியது என்பதில் அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது. ஒருவர் கனிமத்தை அளந்தார். மற்றவர் தனிமத்தை அளந்தார். இரண்டு கணக்கையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வோர் ஓட்டின் முகவரியும் அளந்த விதமும் வருங்கால ஆய்வாளர் கைக்கு முழுமையாகச் சென்று சேர வேண்டும். இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒருத்தியே அந்த ஆய்வாளராக வரலாம் அல்லவா?

முடிவுரை

தோழியரே! பானை செய்த கைகள் மறைந்துவிட்டன. அவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் மிதித்துப் பிசைந்த மண் அவர் ஊரை இன்றும் சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டெழுதும் ஆய்வாளரும் ஒருநாள் மறைவார். அவர் எழுதிவைத்த குறிப்பு தெளிவாயிருந்தால் மட்டுமே, அந்தச் சொல் அடுத்த தலைமுறைக்குக் கேட்கும். குறிப்பேடு என்பது ஆசிரியையின் கையொப்பத்திற்காக எழுதுவது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். நம்மைக் கேட்டுத் தெளிய வாய்ப்பில்லாத ஒருவருக்காக எழுதுவது அது என்பதை இப்போது அறிந்துகொண்டோம்.

எங்கள் கிணற்று நீரின் கதை என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். மறுவாரம் நால்வரும் மீண்டும் நீர் கொண்டுவந்தோம். இம்முறை புட்டியின் கழுத்தில் கெட்டி நூலால் அட்டை கட்டி, பென்சிலால் பெயர், தெரு, நாள், நேரம் அனைத்தையும் எழுதினோம். 21 என்ற எண் திரும்ப வந்தது. அதன் முகவரியும் உடன் வந்தது. அந்த வீட்டார் இப்போது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தெருக்கோடிக் குழாயில் நீர் பிடிக்கிறார்கள். கிணற்று நீர் செடிகளுக்குப் போகிறது. "இத்தனை நாள் பருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே!" என்று அந்தத் தோழியின் அம்மா சிரித்தார்களாம்.

முதல் வாரத்துக் குறிப்பேட்டுப் பக்கத்தை நாங்கள் கிழிக்கவில்லை. "எந்தப் புட்டி யாருடையது என்று தெரியாது, தாள்கள் நனைந்துவிட்டன" என்று அதன் ஓரத்தில் எழுதி, நால்வரும் கையொப்பமிட்டிருக்கிறோம். அதுவும் ஒரு பதிவுதானே!